இலையுதிர் காலத்துல வீட்டுப் பக்கத்துலயே வைல்ட்லைஃப் போட்டோ: புதுசா கேமரா எடுத்தவங்களுக்கு

இந்த சீசன் வந்தாலே ஆளாளுக்கு காடு மலைன்னு கிளம்பிடுறாங்க. கேமரா இப்பதான் கையில எடுத்தவங்களுக்கு அதெல்லாம் வேணாம்ங்க, வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல ஒரு இடத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு அங்கயே திரும்பத் திரும்ப போங்க. ஒரே மரம் சில வாரத்துக்குள்ள பச்சை, மஞ்சள், மொட்டைன்னு மாறிடும், அத பக்கத்துல இருக்கறவங்களாலதான் புடிக்க முடியும்.

ஸ்டெப் 1: இடம் பாக்குறது

முதல் நாள் கேமரா இல்லாம சும்மா நடந்துட்டு வாங்க. கொஞ்சம் தண்ணி, இலை உதிர்க்கிற மரம் நாலஞ்சு, சின்னச் சின்னப் பழம் காய்க்கிற புதர், இது மூணும் இருந்தா போதும். பழப் புதர ரொம்ப முக்கியமா பாருங்க, குளிருக்கு முன்னாடி பறவைங்க தீனி தேடி அங்க வந்தே ஆகணும். அணிலும் இப்ப கொட்டைய எடுத்துட்டுப் போய் மண்ணுல புதைக்கிற வேலையில இருக்கும், போன வழியிலயே திரும்பி வரும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதவிட நல்ல மாடல் கிடையாது. காலைல வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுதுன்னும் பாத்து வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: நேரம்

கோடைய விட இப்ப சூரியன் தாழ்வாவே சுத்தும், அதனால சாஞ்ச வெளிச்சம் ரொம்ப நேரம் கிடைக்கும். பனிமூட்டம் வேணும்னா முந்தின நாள் வானிலைய பாருங்க: மேகமில்லாத ராத்திரி, காத்து ரொம்ப கம்மி, மண்ணும் ஈரமா இருந்துச்சுன்னா சூடு எல்லாம் தரையிலேர்ந்து மேல போயி விடியக்காலைல மூட்டம் போட நல்ல சான்ஸ் இருக்கு. வெயில் ஏற ஏற கலைஞ்சிடும், அதனால சூரியன் வர்றதுக்கு முன்னாடியே போய் நிக்கணும், இதுல சோம்பேறித்தனத்துக்கு இடமே இல்ல.

ஸ்டெப் 3: செட்டிங்ஸ்

இங்கதான் நிறைய பேரு குழம்புறாங்க. இலை, காளான் மாதிரி அசையாத விஷயம்னா அப்பர்ச்சர் மோட்ல (லென்ஸ் திறப்ப நீங்க வைப்பீங்க, ஷட்டர கேமரா பாத்துக்கும்) திறப்ப எஃப் 8ல வைங்க. உயிருள்ளதுன்னா ஷட்டர் ஸ்பீடுதான், அதாவது ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருக்குங்கறதுதான் ராஜா, உக்காந்திருக்கிற பறவைக்கு 1/500 செகண்ட், பறக்கிறதுக்கு 1/1600 இல்ல அதவிட வேகமா, ஐஎஸ்ஓவ (வெளிச்சம் கம்மியா இருந்தா படத்த பிரகாசமாக்குற செட்டிங்) ஆட்டோல விட்டுடுங்க. புள்ளி புள்ளியா நாய்ஸ் வருதேன்னு பயந்து ஷட்டர கொறைக்காதீங்க, நாய்ஸ அப்புறமா கொறைச்சுக்கலாம், ஆடிப் போன படத்த சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

மூட்டத்துல எடுக்கும்போது படம் அழுக்கு சாம்பல் கலர்ல வரும். எதிர்ல இருக்கறது எவ்ளோ வெள்ளையா இருந்தாலும் கேமரா அத நடுத்தர சாம்பலாக்கப் பாக்கும், அதனால எக்ஸ்போஷர் காம்பென்சேஷன (படத்தோட வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிற செட்டிங்) +0.7 இல்ல +1ன்னு ஏத்திடுங்க. வைட் பேலன்ஸ (வெளிச்சத்தோட கலர சரிக்கட்டுற செட்டிங்) ஆட்டோல விட்டா காலை வெயிலோட மஞ்சளையே கேமரா நீக்கிட வாய்ப்பிருக்கு, டேலைட் இல்லன்னா க்ளவுடி போட்டுப் பாருங்க. ரா ஃபைலா (கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்கற ஃபைல்) எடுத்தா இத வீட்டுல வந்தும் மாத்திக்கலாம்.

ஸ்டெப் 4: இலை

இலைக்குப் பின்னாடி சூரியன் இருக்கற மாதிரி நில்லுங்க, இலையே விளக்கு போட்ட மாதிரி எரியும். ஈர இலைன்னா மேல வெள்ளையா ஒரு பளபளப்பு கலர மறைக்கும், அதுக்கு பளபளப்ப கொறைக்கிற போலரைசர் ஃபில்டர லென்ஸ் முன்னாடி போட்டு மெதுவா திருப்புங்க. ஆனா அது ஒண்ணு ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்த தின்னுடும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாயிடும்), பறவை பக்கம் திரும்பினா கழட்டிடுங்க.

மஞ்சள் கலர் இலைக்குள்ள ஏற்கனவே இருக்கறதுதான், பச்சையம் போனதும் வெளிய தெரியுது, சிவப்புதான் புதுசா உருவாகுது. பகல்ல நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர்னு சில நாள் தொடர்ந்து இருந்தா சிவப்பு தூக்கலா வரும், அப்ப கேமராவத் தூக்கிட்டு ஓடுங்க. மேகமூட்டமான நாளும் கலருக்கு அருமை, வெளுத்த வானத்த மட்டும் ஃப்ரேம்ல விடாதீங்க.

ஸ்டெப் 5: உயிரினங்கள்

அது கண்ணு உயரத்துக்கு நீங்க இறங்கணும், மண்ணுல படுக்கத் தயங்குனா அணில் படம் எல்லாம் மொட்டைமாடிலேர்ந்து எடுத்த மாதிரியே இருக்கும். ஃபோகஸ் கண்ணுலதான். நேரா அது பக்கம் நடக்காம சாஞ்சு சாஞ்சு போங்க, தலையத் தூக்கிப் பாத்துச்சுன்னா அப்படியே நின்னுடுங்க. தீனி போட்டு இழுக்கறது எனக்குப் புடிக்காது, நீங்களும் பண்ணாதீங்க. மான் இருக்கற ஏரியான்னா கூடுதல் கவனம், பல மான் வகைக்கு இது இணை சேர்ற காலம், ஆண் மான் முரட்டுத்தனமா இருக்கும், தூர நின்னு, தூரத்துல இருக்கறத பெருசா காட்டுற லாங் லென்ஸ்லயே எடுங்க.

ஒண்ணுமே வரலன்னா பனித்துளி கோத்த சிலந்தி வலையப் பாருங்க. பின்னாடி இருட்டா ஏதாவது இருக்கணும், லென்ஸ் வலைக்கு நேர் எதிர்ல இருக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் பாதி வலை அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆயிடும்.

ஸ்டெப் 6: வீட்டுக்கு வரும்போது

குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஸ்பேர் பேட்டரிய சட்டைக்கு உள் பாக்கெட்ல வைங்க. குளிர்லேர்ந்து சூடான ரூமுக்கு வந்ததும் கேமராவ வெளிய எடுத்தா லென்ஸ் மேல ஈரம் பூத்துடும், பைய ஜிப் போட்டபடியே ஒரு மணி ரெண்டு மணி நேரம் விட்டுடுங்க. மெமரி கார்ட மட்டும் வெளியிலயே கழட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா, அந்த நேரத்துல எடுத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டு இருக்கலாம்.