வி.வி.ஏ.-14: சோதனை நீர்நில விமானமொன்றைச் சீரமைக்கும் முறை

மாஸ்கோவுக்கு அருகே மொனினோ விமானப்படை அருங்காட்சியகத்தில் இறக்கைகள் கழற்றப்பட்டு வெட்டவெளியில் நிற்கும் வி.வி.ஏ.-14 போன்ற சோதனை விமானத்தில் கைவைப்பவர், அதன் எந்தக் கால வடிவத்தை மீட்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இத்தாலியிலிருந்து சோவியத் நாட்டுக்குக் குடியேறிய ராபர்ட் பார்த்தினியின் இவ்வடிவமைப்பு, 1972 செப்டம்பர் 4 அன்று வழக்கமான ஓடுபாதையிலிருந்து முதன்முறை பறந்தது; 1974-இல் காற்றடைத்த மிதவைகளைப் பெற்றது; அவ்வாண்டின் இறுதியில் அவர் மறைந்த பிறகு, முன்பகுதி நீட்டப்பட்டு, விறைப்பான மிதவைகளுடன் நீர்ப்பரப்பையொட்டிப் பறக்கும் 14எம்1பி என்ற வடிவமாக மாறியது. செங்குத்தாக எழுவதற்கெனத் திட்டமிட்ட 12 எஞ்சின்கள் வந்து சேரவே இல்லை. அவற்றைப் போலியாகச் செய்து பொருத்துவது சீரமைப்பாகாது. கடைசி வடிவத்தை மீட்பதே சரி என்பேன். பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அசல் உலோகத்தையே வெட்டியெறிய நேரும்.

அடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படமெடுத்து எண்ணிட வேண்டும். ஒரேயொரு முறை செய்யப்பட்ட விமானத்துக்கு உதிரிபாகம் கடையில் கிடைக்காது.

அதிக நேரத்தைக் கேட்பது உப்புநீர் அரிப்பு. ரிவெட், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணி, தலைகளைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்திருந்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து, அடியில் அலுமினியம் அப்பளம்போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால், அந்தத் தகட்டை மாற்றியே ஆக வேண்டும். மேலோட்டமான அரிப்பை, நல்ல நீரில் உப்பைக் கழுவிய பின், உலோகமில்லாத தேய்ப்பானால் நீக்கலாம். எஃகு நாரின் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது. ரிவெட்டைக் கழற்றும்போது தலையின் ஆழம்வரை மட்டும் துளையிட்டு, தலையைத் தட்டி விலக்கி, மறுபுறம் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துத் தண்டை வெளியேற்றுங்கள். துளை விரிந்திருந்தால் ஓர் அளவு பெரிய ரிவெட் தேவைப்படும். எஃகும் அலுமினியமும் சந்திக்கும் இடமெல்லாம் பிரைமரும் (அடிப்பூச்சு) சீலன்ட்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) இடையில் இருக்க வேண்டும். குரோமேட் பிரைமர் நச்சுத்தன்மை கொண்டது; தகுந்த சுவாச முகமூடியின்றி அடிக்கவோ தேய்க்கவோ கூடாது.

மிதவையின் அறைகளில், கட்டமைப்பு தாங்கும் அளவுக்கு மட்டும் உள்ளே நீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று குறித்துக்கொண்டால், சீலன்ட் பூச வேண்டிய இணைப்புகள் தெரிந்துவிடும். விமானம் மீண்டும் வெட்டவெளியில்தான் நிற்கப்போகிறது என்றால், வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பனிக்காலத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். உள்ளே தேங்கும் நீர் உறைந்து விரியும்போது புதிய ரிவெட் வரிசையும் பிளந்துவிடும்.