மதில்மேல் பூனை ஆகாமல் நடுவில் நிற்பது எப்படி

என் அப்பா சிவப்புத் துண்டுக்காரர், அதாவது கம்யூனிஸ்ட். மாமனார் அரிசி ஆலை நடத்தியவர். விசேஷ வீடுகளில் இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போட மாட்டோம். போட்டால் பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிடும். இவர்களுக்கு நடுவில், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருடம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், பன்னிரண்டு மா (சுமார் நான்கு ஏக்கர்) நிலம் இருக்கிறது. "சித்தப்பா, நீங்கள் முதலாளித்துவமா, சோசலிசமா?" என்று கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் கேட்டான். இரண்டும்தான் என்றேன். சிரித்தான். அவனுக்காக என் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கிக்கொள். ஒரு பக்கத்துக்கு ஒரு பண்டம்: நெல், அறுவடை வண்டி, தண்ணீர், நிலம், கடன், ரேஷன் அரிசி, மின்சாரம். "பொருளாதாரம்" என்று தலைப்புப் போடாதே. போட்டால் பக்கம் முழுக்கப் பிரசங்கம்தான் நிரம்பும்.

எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி கலப்பதை நடுவழி என்று நினைத்துவிடாதே. அப்படிக் கலந்தால் பாலும் போகும், மோரும் போகும். 1955இல் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயமே இலக்கு என்றது. 1959இல் ராஜாஜி, இது பர்மிட், லைசன்ஸ், கோட்டா ராஜ்யம் என்று சாடி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அதே வருடம் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, பாட் கோடஸ்பெர்க் மாநாட்டில், முடிந்த வரை போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்று தன் கொள்கையில் எழுதிக்கொண்டது. எனக்குப் பிடித்த வாசகம். ஆனால் 'தேவையான அளவு' எவ்வளவு என்று அளக்க அவர்கள் மரக்கால் தரவில்லை. என் மரக்கால் ஒரே கேள்விதான்: இந்தப் பண்டத்தில் யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது?

நெல்லில் தொடங்கு. குறுவை அறுவடை சமயத்தில் மழையும் கூடவே வந்துவிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு தராத வரை, நேரடி கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயவைக்க வெயிலும் இருக்காது. உரக்கடையில் பாக்கி வைத்திருப்பவன் எத்தனை நாள் குவியலுக்குக் காவல் இருப்பான்? வியாபாரிக்குக் கிடங்கு இருக்கிறது, அவர் காத்திருப்பார். அன்றைய விலையை அந்தப் பொறுமைதான் நிர்ணயிக்கிறது. ஆகவே குறைந்தபட்ச ஆதரவு விலையோடு அரசு ஒரு தராசு வைத்தே ஆக வேண்டும் என்று எழுதினேன். அப்பா படித்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியை அவர் படிக்க மாட்டார். ஒரு வருடம் என் நெல் ஒரு கொள்முதல் நிலையத்து வாசலில் ஒன்பது நாள் கிடந்தது. முதலில் சாக்கு இல்லை, பிறகு லாரி இல்லை, பிறகு மழை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் ஓரத்து நெல் முளைவிட்டிருந்தது. 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் வைத்தவர்களின் நெல் எனக்கு முன்னாலேயே எடை ஏறியிருந்தது. பத்தாம் நாள் ஒரு வியாபாரி வந்து ரொக்கத்தை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனார். விலை குறைவுதான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு இருந்த வழி அவர் ஒருவர்தான். மாமனாரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆயுளுக்கும் குத்திக் காட்டுவார். என் தீர்ப்பு இது: தராசும் இருக்கட்டும், வியாபாரியும் இருக்கட்டும். ஒருவர் காக்கவைத்தால் இன்னொருவரிடம் போக வழி வேண்டும். யார் எந்த முழக்கத்தோடு வந்தாலும், விற்பவனுக்கு இன்னொரு வாசல் மிஞ்சுகிறதா என்று பார்.

அறுவடை வண்டியில் நான் தனியார் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்வேன். சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அவை வராவிட்டால் சம்பா வயலிலேயே சாய்ந்து கிடக்கும். மேகம் கறுத்ததும், சேற்றிலும் ஓடும் பெல்ட் வண்டியின் மணி வாடகை ஏறுவதும் உண்மைதான். அதற்குத்தான் விவசாயி, வண்டிக்காரர், அதிகாரி மூவரும் உட்கார்ந்து வாடகை பேசும் கலெக்டர் அலுவலகத்து முத்தரப்புக் கூட்டமும், வேளாண் பொறியியல் துறை வண்டிகளும். வாடகையை ஒரேயடியாக அமுக்கினால் வண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

தண்ணீருக்கு அதிகம் யோசிக்காதே. மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தாலும், எங்கள் வாய்க்கால் நனைவதற்குள், தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நாற்று பச்சை பிடித்துவிடும். முறை வைத்து விடுவதைத் தவிர வழியே இல்லை. தண்ணீருக்குச் சந்தை வேண்டும் என்பவரைக் கடைமடையில் ஒரு ஆடி மாதம் குடிவைக்க வேண்டும்.

நிலத்துக்கு நிதானம் வேண்டும். ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு 1961இல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (மண்ணின் தரத்தைக் கணக்கில் எடுத்த ஏக்கர்), 1970இல் அதை 15 ஆக்கினார்கள். பினாமிப் பெயர்களில் எவ்வளவோ தப்பியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இங்கே வந்து பணி செய்த காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி, உழுபவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பை 1981இல் தொடங்கினார்கள். நிலக்காரர்களிடம் பேசி விலை முடித்து, கடனுக்கு ஏற்பாடு செய்து, நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண்களின் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். நிலக்காரருக்கு விலை கிடைத்தது. வாங்கியவருக்கு அதைக் கட்டி முடிக்க அவகாசம் கிடைத்தது. செங்கொடிப் போராட்டமும் உச்சவரம்புச் சட்டமும் இல்லாமல் நிலக்காரர்கள் பேச வந்திருப்பார்களா என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான், அதையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடன் பக்கத்தில் எழுதுவது பழைய குமாஸ்தா. தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை, அருமையான ஏற்பாடு. புயலில் இழந்தவருக்குத் தள்ளுபடி தருவதும் சரி. 2006இல் எல்லோருக்கும் தள்ளுபடி வந்தபோது, நகையை விற்றுத் தவணை கட்டியிருந்த ஒரு பெண்மணி மேஜைக்கு முன்னால் நின்று ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எழுத வரவில்லை.

பென்சில் எதற்கு என்றால், அழிப்பதற்கு. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கென்று தனியாகப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. வசதி உள்ளவனுக்கு எதற்கு அரிசி, வீண் என்று எழுதியிருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தது. ஐந்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரரான என் சகலை, ஒரே இரவில் மரமெல்லாம் சாய்ந்து, மறுவாரம் பையோடு ரேஷன் கடை வரிசையில் நின்றார். ஏழைகள் பட்டியலில் அவர் பெயர் ஏற எத்தனை மாதம் ஆகியிருக்கும்? வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அழித்தேன்.

மின்சாரப் பக்கம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சரியா என்று என்னைக் கேட்காதே. எனக்கும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடுகிறது.