“நெகட்டிவ்தானே அண்ணா?” – எச்.ஐ.வி தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களப்பணிக்குப் புதிதாக வரும் தம்பிகள் ‘ஆணுறை போடு, டெஸ்ட் எடு’ என்பதை மட்டும் கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில் சொன்னதும் அதேதான். அப்போது கையில் வேறொன்றும் இல்லை. இப்போது மாத்திரை இருக்கிறது. ஆணுறை போடச் சொல்வதை விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரியும். கே ஆண்களிடமும், கல்யாணமாகி ஆண்களோடும் உறவு வைத்திருப்பவர்களிடமும் நான் அடிக்கடி பார்க்கும் மற்ற தவறுகள் இவை.

மறுநாளே டெஸ்ட் எடுத்து நிம்மதியாவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு பையனுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே லேபுக்கு ஓடி ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எங்கள் புதுத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். நெகட்டிவ். தம்பியும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டான். விஷயம் என் காதுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

“நெகட்டிவ்தானே அண்ணா, அப்புறம் என்ன?”

“அது போன மாசக் கதையைச் சொல்ற ரிப்போர்ட்டுடா. வெள்ளிக்கிழமையைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

கிருமி நுழைந்த மறுநாள் எந்த டெஸ்டிலும் அது தெரியாது. விரலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் என்றால் 3 மாதம் கழித்துத்தான் உறுதி. லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள். சனிக்கிழமை அவனுக்கு வேண்டியிருந்தது பெப் மாத்திரை, அதாவது ஆபத்து நடந்த பிறகு எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கப் போடுவது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் விடாமல் போட வேண்டும். தொடங்கும்போது ரத்தம் எடுப்பார்கள்தான், ஆனால் ரிப்போர்ட்டுக்காக முதல் டோஸைத் தள்ளிப்போடக் கூடாது. அவனுடைய கெடு திங்கள் ராத்திரியே முடிந்திருந்தது.

இன்னொருவன் நேரத்துக்குப் போயும், ‘ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்குத்தான் தருவோம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஏ.ஆர்.டி மையம் (எச்.ஐ.வி-க்கு மருந்து தரும் இடம்) எங்கே என்று கேளுங்கள், இல்லையென்றால் எச்.ஐ.வி பார்க்கும் தனியார் டாக்டரிடம் போங்கள். வழி தெரியாவிட்டால் எச்.ஐ.வி உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

நண்பனின் பிரெப்பை வாங்கிப் போடுவது

பிரெப் என்பது எச்.ஐ.வி தொற்றாமலிருக்க உறவுக்கு முன்பே தொடங்கும் மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்று இரண்டு மருந்து. ஏற்கெனவே தொற்று இருந்தால் இந்த இரண்டு போதாது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதனால் முதலில் எச்.ஐ.வி டெஸ்ட், அதோடு சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்டும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கான டெஸ்டும்.

2-1-1-ஐப் பாதியில் விடுவது

2-1-1 என்பது பிரெப்பைத் தினமும் போடாமல் உறவையொட்டி மட்டும் போடும் முறை. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு 2 மாத்திரை. அந்த இரண்டைப் போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-ல் ஒன்று. ‘அதான் முடிஞ்சிடுச்சே’ என்று கடைசி இரண்டை விட்டுவிடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்கு இந்த முறையே ஆகாது.

ஆணுறையோடு தேங்காய் எண்ணெய்

கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் வாங்குங்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போடும் பாசிட்டிவ் துணையைக் கண்டு ஓடுவது

வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உறவின் வழியாகப் பரவாது. 2019-ல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஆணுறையில்லாமல் உறவு வைத்த ஆண் ஜோடிகளில் ஒருவருக்குக்கூட அப்படிப்பட்ட துணையிடமிருந்து தொற்றவில்லை.

பிரெப் போட்டால் சிஃபிலிஸ் வராது என்பது

வரும். 3 மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி டெஸ்டோடு, சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல்-லும் எடுத்துவிடுங்கள்.