ஜெர்மனிக்குப் புதிதா? ஆப் இறக்குவதற்கு முன் தபால் பெட்டியைப் பாருங்கள்

வந்திறங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, போன்ல என்னென்ன ஆப் போடணும்?" சொல்கிறேன். ஆனால் இங்கே முக்கியமான ஆப் பலவும் தபாலில் ஒரு கடிதம் வந்தால்தான் திறக்கும், அதை யாரும் முதலில் சொல்வதில்லை. பல வங்கிகளில் ஆப்பைத் திறக்கும் கோடு (code) ஒரு கடிதத்தில் வரும், கார்டு இன்னொன்றில், பின் நம்பர் வேறொன்றில். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் அரசுத் தளமான எல்ஸ்டரில் பதிவு செய்தாலும் கோடு தபாலில்தான் வரும். தபால்காரர் ஃபிளாட் நம்பரையெல்லாம் பார்ப்பதில்லை, வீட்டுத் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். இதில் நமக்கென்று ஒரு சிக்கல் வேறு உண்டு. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று இருப்பது அப்பாவின் பெயர், அதனால் கடிதமும் அப்பா பெயருக்கே வரும், ஆகவே பெட்டியில் அப்பா பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். புதுப் போன் வாங்கிய சந்தோஷத்தில் பழையதை முழுக்க அழித்து நண்பனிடம் கொடுத்துவிட்டேன். வங்கி ஆப்பைப் பழைய போனில் இருக்கும்போதே புதியதற்கு மாற்றியிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி கோடு கேட்டு, அது தபாலில் வர ஒன்பது நாள் ஆகி, நடுவில் வாடகைத் தேதி வந்து, வீட்டுக்காரரிடம் போய் அசடு வழிந்தேன்.

இன்னொன்று, உங்கள் ப்ளே ஸ்டோர் இன்னும் இந்தியாவில் இருந்தால் சில ஜெர்மன் ஆப் தேடினாலும் கிடைக்காது. நாட்டை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஊர் வங்கியின் ஓடிபி அதில்தான் வரும். இங்கே ப்ரீபெய்டு சிம் வாங்கினாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் நிரூபித்த பிறகுதான் வேலை செய்யும்.

சரி, ஆப்புக்கு வருவோம். முதலில் டிபி நேவிகேட்டர், ரயில் ஆப். கூடவே டாய்ச்லாண்ட் டிக்கெட், இது மாதச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள், 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஊருக்குள் ஓடும் பஸ், டிராம், மெட்ரோ, நாடு முழுக்க ஓடும் உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி மாதிரி வேக ரயில்களில் செல்லாது, புதிதாக வந்தவர்கள் மாட்டுவது அங்கேதான். ஆப்பில் உள்ளூர் ரயிலை மட்டும் காட்டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். டிக்கெட் அடுத்த மாதம் வேண்டாம் என்றால் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சந்தாவை நிறுத்திவிட வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டால் பரிசோதகர் 60 யூரோ அபராதம் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். பையில் ஒரு பவர் பேங்க் இருக்கட்டும்.

வீடு தேட இம்மோஸ்கவுட், அறை தேட வேகே-கெசுக்ட், பழைய கட்டில், மேசை, சைக்கிளுக்கு க்ளைன்அன்சைகன். மூன்றிலும் மோசடிக்காரர்கள் உண்டு. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று மெசேஜ் வந்தால் அங்கேயே பிளாக் செய்யுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று போட்டிருந்தால் அது வெறும் வாடகை, ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே. அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேவைத் தாண்டக் கூடாது.

மொழிபெயர்ப்புக்கு கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமராவே போதும், கடிதத்தின் மேல் பிடித்தால் படித்துச் சொல்லிவிடும். அலுவலகக் கடிதமென்றால் நான் ஆங்கிலத்தில்தான் வைத்துப் படிப்பேன், தமிழில் வைத்தால் சில சமயம் யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பதே தலைகீழாகிவிடுகிறது. எப்படியும் இரண்டு வார்த்தைகளைக் கண்ணிலேயே பதிய வையுங்கள். மானுங் என்றிருந்தால் பணம் கட்டாததற்கு நினைவூட்டல், தள்ளிப்போட்டால் கட்டணம் ஏறும். ஃபிரிஸ்ட் என்றால் கெடு. இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்தக் கடிதத்தை அன்றைக்கே பாருங்கள், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜ் மேல் வைக்காதீர்கள்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு டாக்டோலிப். ஆங்கிலம் பேசும் டாக்டரை வடிகட்டித் தேடலாம், அரசு இன்ஷூரன்ஸா தனியாரா என்று கேட்கும், மாற்றிப் போட்டுவிட்டால் போய் நிற்கும்போது பிரச்சினை. ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் பல வாரம் கழித்துத்தான் தேதி கிடைக்கும், மலைத்துப் போகாதீர்கள். ராத்திரி காய்ச்சல் மாதிரி, உயிருக்கு ஆபத்தில்லாத விஷயத்துக்கு 116117. ஆபத்தென்றால் 112, போலீஸ் 110. இவற்றுக்கு ஆப் எதுவும் வேண்டாம், நம்பரை மட்டும் சேமித்து வையுங்கள்.

நீனா என்று அரசின் எச்சரிக்கை ஆப் ஒன்று இருக்கிறது, வெள்ளம், புயல், தீவிபத்துப் புகை எல்லாம் சொல்லும். செப்டம்பர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நாடு முழுக்க ஒத்திகை நடக்கும். முதல் வருடம் மீட்டிங்கில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன், மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குப்பைக்கும் ஆப் உண்டு என்றால் ஊரில் சிரிப்பார்கள். உங்கள் நகராட்சியின் குப்பை ஆப்பைப் போட்டுக்கொண்டால் எந்தத் தொட்டியை என்றைக்கு எடுப்பார்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடும். காலி பாட்டிலைத் தொட்டியில் போடாதீர்கள், பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் சூப்பர் மார்க்கெட் மெஷினில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

தமிழ்க் கடைக்குத் தனி ஆப் வேண்டாம், கூகுள் மேப்பில் தேடினாலே வந்துவிடும். எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர்கள் இங்கே வேரூன்றியிருக்கிறார்கள், பெரிய நகரம் என்றால் முருங்கைக்காய் விற்கும் கடை அநேகமாக இருக்கும். கல்லாவில் இருக்கும் அக்காவிடம் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள், எந்த டாக்டர் புது நோயாளிகளை எடுக்கிறார், எங்கே வீடு காலியாகிறது என்பதெல்லாம் வேகே-கெசுக்டுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.