‘மட்பவுண்ட்’ படத்தை அவசரப்படாமல் பார்ப்பது எப்படி?

என் மைத்துனர் இந்தப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேரமா உழுதுக்கிட்டே இருக்காங்கப்பா” என்றார். டீ ரீஸ் இயக்கி 2017-இல் வந்த படம், 134 நிமிடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில், ஒரு வெள்ளை நிலக்காரக் குடும்பமும் அவர்கள் நிலத்தில் குத்தகைக்கு உழும் ஒரு கறுப்பினக் குடும்பமும்தான் கதை. சேறும் மழையும் நிறைய. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்போனில் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பெண் ரேச்சல் மோரிசன். அந்தப் பரிந்துரை இந்தப் படத்துக்குத்தான். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் பெரும்பாலும் மங்கல் வெளிச்சம். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி முகங்கள் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். சப்டைட்டில் கட்டாயம், மிசிசிப்பி பேச்சு எனக்கும் சட்டென்று பிடிபடாது.

கதையை ஆறு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். யார் குரல் என்று முதல் அரைமணி நேரம் கவனித்துவிட்டால் போதும், அப்புறம் தானாகப் பழகிவிடும். நிலக்காரரின் அப்பா, கிழவர் பாப்பிக்கு மட்டும் அப்படிப் பேச வாய்ப்பே தரவில்லை. சரியான முடிவு என்பேன்.

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் நல்லது. அந்தக் காலத்துக் குத்தகையில் சொந்தமாகக் கோவேறு கழுதை வைத்திருப்பவனுக்கு விளைச்சலில் கூடுதல் பங்கு. இல்லாதவன் பாதியை நிலக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் கழுதைப் பேச்சு வரும்போது கொட்டாவி விடாதீர்கள், ஒரு குடும்பத்தின் கணக்கே அங்கேதான் மாறுகிறது. கறுப்பினக் குடும்பத்தின் மகன் ரான்செல் இருந்த 761-ஆவது டாங்கிப் படை நிஜமானது. கறுப்பின வீரர்களின் படை, ஜெனரல் பேட்டனின் கீழ் ஐரோப்பாவில் சண்டையிட்டது. அதற்கு அமெரிக்க அதிபரின் பாராட்டு கிடைத்தது 1978-இல்தான்!

இனி முக்கியமான விஷயம். வசனத்தைவிட, யார் எந்த வாசலில் நுழைகிறார்கள், வண்டியில் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். போரிலிருந்து திரும்பிய ரான்செல் கடையின் முன்வாசல் வழியாக வெளியே போகப் பார்க்கிறான். பின்வாசலால் போ என்கிறார் பாப்பி. பின்வாசல் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு நிலக்காரர் ஹென்றி அவன் வீட்டுக்கே வந்து, தன் அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்கிறார். கத்தல் இல்லை, அடி இல்லை. அவன் அப்பா ஹாப்பின் முகத்தைப் பாருங்கள். ஓட்டிவிட்டால் போவது இதுதான்.

அதேபோல், போரில் விமானியாக இருந்து திரும்பிய ஹென்றியின் தம்பி ஜேமியும் ரான்செலும் வண்டியின் முன் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும் காட்சிகள். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால் ரான்செல் தலையைக் குனிந்துகொள்வான்.

கடைசிப் பகுதியில் கொடுமையான வன்முறை உண்டு. குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். மிகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றினால் ஐசக் வுடார்ட் பற்றித் தேடிப் படியுங்கள். 1946 பிப்ரவரியில், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டுச் சில மணி நேரத்தில், சீருடையோடு பஸ்ஸில் ஊர் திரும்பியவர். தென் கரோலினாவில் போலீஸ் அடித்ததில் இரண்டு கண்ணும் போயிற்று. அடித்த அதிகாரியை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது.