கோடு நம்பர் 1 வேண்டுமென்றால்

பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கடைக்கு வருகிற அப்பாக்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, பையனுக்கு அண்ணா யுனிவர்சிட்டி போட்டுடுங்க."

குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான். ஆனால் இவர்கள் மனதில் இருப்பது, 1794-இல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த கிண்டி பொறியியல் கல்லூரி, அதாவது சி.இ.ஜி. கவுன்சலிங்கில் அதன் கோடு, அதாவது கல்லூரி எண், 1. அதே பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகமான எம்.ஐ.டி.க்கு 4. இவற்றுக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) பதிவுதான். கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250.

பதியும்போது உங்கள் போன் நம்பரையே கொடுங்கள். ஒரு வருடம், அப்பாவிடம் போன் இல்லையே என்று ஒரு பெண்ணுக்கு என் நம்பரைப் போட்டுவிட்டேன். ஓடிபி வந்தபோது நான் அரியலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். அந்தப் பிள்ளை பூட்டிய கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்து யார் கெஞ்சினாலும் என் நம்பரைத் தருவதில்லை.

சாதிச் சான்றிதழை முன்பே வாங்கி வையுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். அக்கா ஏற்கெனவே முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த விவரத்தைப் படிவத்தில் விட்டுவிடாதீர்கள்.

ரேங்க் போட எடுக்கும் கட்-ஆஃப் மார்க்கின் கணக்கு சுலபம். கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. 95, 88, 90 என்றால் 95 + 44 + 45 = 184. மொத்தம் 200-க்கு.

சரி, பிள்ளைகள் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம்: சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகப் பட்டியல் போடுவது. "சி.இ.ஜி.யை மேலே போட்டு அது கிடைக்கவில்லை என்றால், கீழே இருப்பதும் போய்விடுமா அண்ணா?" என்று வருடா வருடம் கேட்கிறார்கள். போகாது. உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதனால் வரிசை உங்கள் ஆசைப்படி இருக்கட்டும், மார்க்குப்படி வேண்டாம். போன வருடம் எந்த மார்க் வரை சீட் கிடைத்தது என்பதை வைத்து எத்தனை வரிகள் சேர்ப்பது என்று முடிவு செய்யலாம், அவ்வளவுதான். எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் பத்தோடு நிறுத்தாதீர்கள். ஆனால் படிக்க விருப்பமே இல்லாத பிரிவை எண்ணிக்கைக்காகப் போட்டால், அதுவே வந்து நிற்கும். இன்னொன்று, பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கோடு 1-லேயே அப்படி உண்டு, கட்டணம் கூடுதல்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்தாக வேண்டும். சும்மா இருந்தால் சீட் போய்விடும். வந்த சீட்டை வைத்துக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு. அப்புறம் மேலே உள்ளது கிடைத்துவிட்டால், பழையதே போதும் என்று திரும்ப முடியாது. அதனால் அன்றைக்கு அப்பா மட்டும் வர வேண்டாம். பையனும் வரட்டும், அந்த ஓடிபி போனும் சார்ஜோடு வரட்டும்.