குடும்ப நல நீதிமன்றத்தில் முதல் சாட்சியம்: சமூகப் பணியாளர் எப்படித் தயாராவது?

சம்மன் கைக்கு வந்ததும் பெரும்பாலும் எல்லாரும் செய்வது, தெரிந்த வக்கீல் யாருக்காவது போன் போட்டு "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். தப்பு ஒன்றும் இல்லை. குழந்தை அம்மாவிடம் இருப்பதா அப்பாவிடம் இருப்பதா என்று வழக்கு நடக்கிறது, நீங்கள் இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சமூக நலத் துறையில் இருப்பவர்களின் உதவியை நீதிபதி கேட்டுப் பெறலாம் என்று 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ம் பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் முதல் தடவையாகக் கூண்டேறப் போகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. சம்மனை முழுசாகப் படியுங்கள்

தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். வழக்கு எண், எந்த நீதிமன்றம் (சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட குடும்ப நல நீதிமன்றங்கள் இருக்கின்றன, மாறிப் போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்), உங்களைக் கூப்பிட்டது நீதிமன்றமா ஒரு தரப்பா, சாட்சி சொல்ல வேண்டுமா அல்லது ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதுமா என்று பாருங்கள். ஆவணம் மட்டும்தான் என்றால் வேறொருவர் மூலமாகக்கூட அனுப்பலாம். அப்புறம், முதல் நாள் சாயங்காலம் ஒரு தரப்பு வக்கீல் போன் செய்து "மேடம், ஆபீஸ் பக்கம் வந்தீங்கன்னா என்ன கேக்கப் போறேன்னு பேசிக்கலாம்" என்பார். மரியாதையாக மறுத்துவிட்டு, அப்படி ஒரு போன் வந்ததை உங்கள் மேலதிகாரியிடம் சொல்லி வையுங்கள்.

2. கோப்பை மூன்று நிறத்தில் படியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். வீட்டுக்குப் போய் வந்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கும். முதலில் தேதி வாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பிறகு அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்ததை ஒரு நிறத்திலும், பிறர் சொல்லிக் கேட்டதை இன்னொரு நிறத்திலும், அதிலிருந்து நீங்களாக எடுத்த முடிவை மூன்றாவது நிறத்திலும் கோடு போடுங்கள்.

ஒரு கற்பனை உதாரணம். அறிக்கையில் "தந்தைக்குக் குடிப்பழக்கம் உள்ளது" என்று ஒரே வரியாக எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால், காலை 11 மணிக்குப் போனபோது அவர் பேச்சு குழறியது, சாராய வாடை அடித்தது, இது பார்த்தது. "தினமும் குடிக்கிறான்" என்று பாட்டி சொன்னது கேட்டது. பழக்கம் என்பது உங்கள் முடிவு. கூண்டில் நிற்கும்போது "நீங்க டாக்டரா? ரத்தப் பரிசோதனை பண்ணீங்களா? எத்தனை நாள் குடிச்சதைப் பாத்தீங்க?" என்று வரிசையாக வரும். பிரித்து வைத்திருந்தால் "ஒரு நாள்தான் பார்த்தேன், மீதி அவருடைய அம்மா சொன்னது" என்று நிதானமாகச் சொல்லலாம். பிரிக்காமல் போனால், முடிவைக் காப்பாற்றுவதற்காகப் பார்த்ததை ஊதிப் பெரிதாக்க ஆரம்பிப்போம், குறுக்கு விசாரணையில் நம் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குடும்ப நல நீதிமன்றம் வழக்கமான சாட்சியச் சட்டத்துக்குள் அடங்காத அறிக்கையையும் ஏற்கலாம் என்கிறது 14-ம் பிரிவு. ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு.

எத்தனை தடவை போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், சொல்லிவிட்டுப் போனீர்களா, குழந்தையிடம் தனியாகப் பேசினீர்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுக்கு மூன்று தடவையும் அப்பா வீட்டுக்கு ஒரே தடவையும் போயிருந்தால் காரணம் கையில் இருக்க வேண்டும், அந்தக் கேள்வி வராமல் போகாது.

3. என்ன எடுத்துப் போவது

அடையாள அட்டை, சம்மன், மூலக் கோப்பு, ஒரு நகல், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி. நினைவு வராவிட்டால், அந்தச் சமயத்தில் நீங்களே எழுதிய குறிப்பை நீதிபதியின் அனுமதியோடு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பார்க்கிற குறிப்பை எதிர்த்தரப்பும் வாங்கிப் பார்க்க உரிமை உண்டு. இது தெரியாமல் நான் எல்லா வழக்கையும் ஒன்றாக எழுதி வைத்த டைரியோடு போய் நின்றேன். வக்கீல் கையை நீட்டினார். நாலைந்து குடும்பங்களின் விஷயம் அதில் இருந்தது! நீதிபதி அந்தப் பக்கத்தை மட்டும் காட்டச் சொன்னதால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்குக்கு ஒரு நோட்டு.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு எப்போதும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தையை யார் வளர்ப்பது என்ற வழக்கில் கவுன்சிலரின் (குடும்பத்தோடு பேசி ஆலோசனை சொல்பவரின்) அறிக்கையை, சமரசப் பேச்சின் ரகசியம் என்று ஒதுக்கி வைக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லார் முன்னாலும் சொல்ல முடியாத விஷயமென்றால், மூடிய அறையில் விசாரிக்க 11-ம் பிரிவு இடம் தருகிறது. நீதிபதியிடம் நேராகவே சொல்லுங்கள்.

4. குறுக்கு விசாரணைக்கு ஒத்திகை

உடன் வேலை செய்யும் ஒருவரை வக்கீலாக உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை மனப்பாடம் செய்ய வேண்டாம், அது முகத்திலேயே தெரிந்துவிடும். "தெரியாது", "நினைவில்லை", "கேள்வி புரியவில்லை" மூன்றும் நல்ல பதில்கள்தான். "பிள்ளைக்கு நாலு வயசுதானே, சட்டப்படி அம்மாகிட்டதானே இருக்கணும்?" என்று கேட்டால் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டத்தில் இருப்பது உண்மை, ஆனால் சட்டத்துக்கு விளக்கம் சொல்வது நம் வேலை இல்லை.

கடைசியில் வக்கீல் "நீங்க மனுதாரர்கிட்ட காசு வாங்கிட்டு எழுதியிருக்கீங்கன்னு சொல்றேன்" என்பார். ரத்தம் கொதிக்கும். அது பெரும்பாலும் சடங்கு, தன் தரப்பு வாதத்தைப் பதிவில் ஏற்றுகிறார். "சரியல்ல" என்று ஒரு சொல்லில் முடியுங்கள். எழுத்தில் அது "காசு வாங்கிக்கொண்டு அறிக்கை கொடுத்தேன் என்றால் சரியல்ல" என்று வரும். சில சமயம் வக்கீல் இல்லாமல் அந்த அப்பாவோ அம்மாவோ நேராக உங்களைக் கேட்கலாம். அப்போதும் நீதிபதியைப் பார்த்தே பதில் சொல்லுங்கள்.

5. அன்றைய நாள்

பத்து மணிக்கெல்லாம் போய் பெஞ்ச் கிளார்க்கிடம் வந்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டு வாய்தா போடுவதும் உண்டு. வராந்தாவில் குழந்தை ஓடி வந்து கையைப் பிடித்தால் தலையைத் தடவுங்கள், ஆனால் அந்தக் குடும்பத்தோடு டீ குடிக்காதீர்கள். நீதிபதியை அய்யா, அம்மா என்றாலே போதும். கடவுள் பேரில் சத்தியம் செய்ய விருப்பமில்லை என்றால் உறுதிமொழி சொல்லலாம்.

மெதுவாகப் பேசுங்கள், டைப் செய்கிறவர் உங்கள் வேகத்துக்கு வர வேண்டும். இங்கே சாட்சியத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டியதில்லை, சாரத்தை எழுதினால் போதும் என்கிறது 15-ம் பிரிவு. அதனால் நீங்கள் "அன்று குடித்திருந்த மாதிரி தெரிந்தது" என்று சொன்னது "குடித்திருந்தார்" என்று பதிவாகிவிடலாம். கையெழுத்துக் கேட்கும்போது பின்னால் பத்து வழக்கு காத்திருக்கும், எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள். பார்க்கட்டும். முழுசாகப் படித்து, மாறியிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு போடுங்கள். குறுக்கு விசாரணை பாதியில் நின்று இன்னொரு தேதிக்குப் போனால், அதுவரை அந்தச் சாட்சியத்தைப் பற்றி இரு தரப்பிடமும் வாய் திறக்காதீர்கள். கிளம்பும்போது கிளார்க்கிடம் ஆஜர் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆபீஸில் ஒரு நாள் லீவு போய்விடும்.